திறாங்கும் ஆமைப்பூட்டும்: திருகோணமலை வீடுகளின் காவல் வரலாறு

1950ஆம் ஆண்டு திருகோணமலை நகரசபையின் ஆட்கள் கிணறு வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் மண்வெட்டியில் வெண்கலம் தட்டுப்பட்டது. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி என்று திருமேனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. கோணேசர் கோயில் இருந்த பாறைக்கும் அந்த இடத்துக்கும் சில நூறு யார்தான் தூரம். பறங்கியர் கோயிலை இடித்த 1620களில், அதற்கு முன்பே யாரோ எடுத்துவந்து புதைத்துவிட்டுப் போனவை இவை என்று ஊர் நம்புகிறது. வேறு சில விக்கிரகங்கள் தம்பலகாமத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே எழுந்த ஆதிகோணநாயகர் கோயிலில் வைக்கப்பட்டன. கோயில் கட்டடத்தைக் காக்க முடியாது என்று தெரிந்தவர்கள், உள்ளே இருந்ததையாவது காக்க மண்ணையும் அயலூரையும் நம்பியிருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்தில் வீட்டுக் காவலின் கதையைச் சொல்லப் புகுந்தால் கோயிலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. துறைமுகத்தைப் பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் பூட்டுக்கும் கொத்தளத்துக்கும் பணத்தைக் கொட்டினார்கள். ஊர்மக்களின் காவல் வேறு வழியில் வளர்ந்தது. அந்த வழி என்ன, அது எப்போது, எதனால் முறிந்தது என்பதை யாரும் கோவையாக எழுதி வைக்கவில்லை.

முதலில் கோட்டை. 1622 சித்திரைப் புத்தாண்டு நாளில் சுவாமி ஊர்வலமாக நகருக்குள் சென்றிருந்தபோது, பறங்கித் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் படையினர் குருக்கள்மாரைப் போல வேடமிட்டுக் கோயிலுக்குள் புகுந்தார்கள் என்பது மரபுச் செய்தி. இடித்த கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் பொறித்த கல் ஒன்று இன்றும் கோட்டை வாசலின் நிலையில் இருக்கிறது. கோணேசரைக் கும்பிடப் போகிற ஒவ்வொருவரும் அந்த வாசலால்தான் போகவேண்டும். உள்ளே இராணுவ முகாம். போர்க்காலத்தில் அந்த வாசலில் பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, வரிசையில் நின்றுதான் சாமியிடம் போக முடிந்தது.

அத்தனை வலுவான வாசலும் எத்தனை நாள் தாங்கியது? 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பிடித்தார். ஒரே ஆண்டில் மூன்று கொடிகள். பிறகு மறுபடி ஒல்லாந்தர், 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1803இல் பிரெட்றிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, கோட்டைக்கு வெளியே ஊர்வளவுகளில் படலைகளைச் சாத்தி வைத்தது ஒரு கயிற்று வளையம் அல்லது ஒரு கொழுக்கி மட்டும்தான்.

பழைய வீடு எப்படித் தன்னைக் காத்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதல் காவல் வேலி. பூவரசும் கிளுவையும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டுவார்கள். மழைக்குப் பழுதாகும், கறையான் அரிக்கும், ஆகவே அடிக்கடி பிரித்துக் கட்டவேண்டும். வேலி அடைக்கும் நாளில் அயலவன் வந்து ஒரு பக்கம் நிற்காமல் வேலை நடக்காது. ஒருவர் குத்தூசியை இப்பக்கமிருந்து குத்த, மற்றவர் அப்பக்கமிருந்து கயிற்றைக் கோத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு வளவுகளைப் பிரிக்கிற வேலியை இரண்டு வளவுக்காரரும் சேர்ந்தே கட்டினார்கள். எல்லைச் சண்டைகள் வெட்டுக்குத்தில் முடிந்ததும் இதே வேலிகளில்தான், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலியில் புதிதாக ஒரு பொட்டு விழுந்தால் அதை முதலில் காண்பது பக்கத்து வீட்டுக்காரிதான்.

வேலியில் ஒரு படலை. அதில் பூட்டுக் கிடையாது. வருகிறவர் படலையடியில் நின்று, "அக்கா, நிக்கிறியளோ?" என்று குரல் கொடுப்பார். உள்ளிருந்து பதில் வந்தபிறகே படலையைத் தள்ளுவார். குரல் கொடுக்காமல் உள்ளே வருகிறவர் யார் என்று நாய்க்கும் தெரியும், அயலுக்கும் தெரியும்.

அடுத்தது திறாங்கு. கதவுக்குப் பின்னால் குறுக்கே போடுகிற மரச் சட்டம் அல்லது இரும்புப் பட்டை. வெளியே நின்று இதைப் போடவே முடியாது. வீட்டுக்குள் ஓர் ஆள் இருந்தால்தான் கதவு காவலாகும். அந்த ஒரு மரச்சட்டத்துக்குள் பழைய வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது: வீடு ஒருபோதும் வெறுமையாக இராது என்று நம்பியவர்கள் செய்த ஏற்பாடு அது. ஆச்சி இருப்பார், பேறுகாலத்துக்கு வந்த மகள் இருப்பாள், வயலுக்குப் போனவர் திரும்பிவரும்வரை யாராவது ஒருவர் இருப்பார். கல்யாணத்துக்கு எல்லாரும் போகவேண்டி வந்தால் அயலில் ஒருவரைத் திண்ணையில் இருத்திவிட்டுப் போவார்கள்.

நகையும் பட்டும் உறுதிகளும் பெட்டகத்தில். கனத்த மரத்தில் செய்து, இரும்புப் பூண் பிடித்து, பெரிய திறப்போடு இருக்கும். வீட்டில் மூத்தவர் அதன்மேலேயே பாயை விரித்துப் படுத்ததும் உண்டு. அவரை எழுப்பாமல் மூடியைத் தூக்க முடியாது. சில்லறைக்காசு கொட்டப்பெட்டியில், இடுப்பில். வீட்டிலேயே திறப்புப் போட்டுப் பூட்டுகிற பொருள் பெரும்பாலும் அந்தப் பெட்டகம் ஒன்றுதான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் முன்கதவைத் திறந்துவைத்துப் பின்கதவைச் சாத்துவது இன்றும் சைவ வீடுகளில் காணக்கூடிய வழக்கம். சீதேவி முன்னால் வரவேண்டும், வந்தவள் பின்னால் போய்விடக் கூடாது. ஊர் இருட்டுகிற நேரத்தில், கள்ளனுக்கு வசதியான அதே நேரத்தில், வாசலைத் திறந்துவைத்து விளக்கேற்றுகிற துணிவு அந்த வழக்கத்துக்குள் இருக்கிறது. சிவன் கோயில்களில் இரவுப் பூசை முடிந்ததும் நடை சாத்தித் திறப்பை வைரவர் முன் வைப்பார்கள். நாயை வாகனமாகக் கொண்டவர் விடியும்வரை காவல். தெருமுனை மரத்தடிகளில் ஒரு சூலமாக மட்டும் நிற்கும் வைரவருக்கும் அதே வேலைதான்.

வீட்டை விடப் பெரிய சொத்து வெளியே கிடந்தது. தம்பலகாமத்து வயல்களில் விளைந்த நெல்லும் கொட்டியாபுரப் பற்றின் பட்டிமாடுகளும் எந்தக் கதவுக்குள்ளும் அடங்காதவை. மாட்டுக்குக் குறிசுட்டார்கள். நெல்லுக்குப் பரண் கட்டி இரவிரவாக விழித்திருந்தார்கள். கிழக்கிலங்கைக் களவெட்டிகளில் சூடு மிதிக்கும்போது நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்கள். பேர் சொல்லிப் பேசினால் பூதங்கள் கேட்டுவந்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்று அஞ்சினார்கள். இருக்கிற செல்வத்தை வாய்விட்டுச் சொல்லாதே என்பது காவலின் ஒரு பகுதி. நகையைப் பற்றிப் படலையடியில் பேசாதே என்று பிள்ளைகளை அதட்டிய தாய்மாரும் அதே அச்சத்தில்தான் பேசினார்கள்.

களவு இல்லாத பொற்காலம் என்று ஒன்றை இதிலிருந்து கட்டிவிட முடியாது. களவு இருந்தது, அதற்கு விதானையார் இருந்தார், பிடிபட்டவனை மரத்தில் கட்டி அடித்த கதைகளும் ஊரூராக உண்டு. ஆனாலும் ஒரு சாட்சியம் கவனிக்கத் தக்கது. 1660இல் மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் சிறையிருந்து தப்பிப்போய் 1681இல் தன் நூலை வெளியிட்டார். பொய், பேராசை என்று கண்டி நாட்டு மக்களைக் குறைசொல்லத் தயங்காத அந்த மனிதர், களவை மட்டும் அவர்கள் மிக வெறுத்தார்கள், கொள்ளை அங்கே அரிது என்று எழுதியிருக்கிறார். அவரைப் போன்ற கைதி ஒருவருக்கு அந்த மக்களைப் புகழ எந்தத் தேவையும் இல்லை.

பூட்டு இந்த ஊருக்குள் துறைமுகத்தின் வழியாகத்தான் பெருகியது. பிரித்தானியக் கடற்படைக்குத் தன் பண்டங்கள் களவுபோவது பெரிய தலைவலி. அரசுச் சொத்து என்று காட்ட அம்புக்குறி பொறித்தார்கள். கப்பல் கயிற்றின் புரிக்குள்ளேயே நிறநூல் ஒன்றை வைத்து முறுக்கினார்கள், வெட்டி விற்றாலும் எந்தத் துண்டிலும் அந்த நூல் காட்டிக்கொடுக்கும். 1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் கள்ளத் திறப்புப் போட்டுப் பெரிய களவு நடந்தது. தன்னுடைய திறப்பைத் தவிர வேறெதாலும் திறக்காத பூட்டைச் செய்பவருக்குப் பரிசு என்று அரசு அறிவிக்க, ஜெரமையா சப் 1818இல் ஒன்றைச் செய்தார். வேறு திறப்பை நுழைத்தால் அது சிக்கிக்கொண்டு, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குக் காட்டிவிடும். சிறைக்கப்பலில் இருந்த பூட்டுத் தொழிலாளி ஒருவருக்கு, திறந்தால் விடுதலை என்று ஆசைகாட்டினார்கள்; அவரும் மாதக்கணக்கில் முயன்று தோற்றார். 1851இல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் அல்பிரெட் ஹொப்ஸ் அதே வகைப் பூட்டை அரைமணி நேரத்துக்குள் திறந்து காட்டியபோது, பூட்டை நம்பியே தூங்கிய நாடு பதறிப்போனது.

திருகோணமலையும் அதே கடற்படையின் தளம். துறைமுகக் களஞ்சியங்களும் ஆயுதச் சாலைகளும் அலுவலகங்களும் பூட்டுக்குள் இருந்தன. உள்ளே போக அனுமதி வேண்டும். அங்கே கூலிக்குப் போன ஊரவர் மாலையில் திரும்பிவந்தது பூட்டில்லாத படலைக்கு. காலப்போக்கில் கடைத்தெருவும் உத்தியோகத்தர் குடியிருப்புகளும் ஆமைப்பூட்டுக்கு மாறின. மாற்றலாகி வருகிற உத்தியோகத்தருக்கு ஆச்சியும் இல்லை, அயலும் புதிது. பகலில் வீடு வெறுமையாக இருக்கும். அவருக்கு வெளியிலிருந்து பூட்டுகிற பூட்டு வேண்டியிருந்தது. திறாங்கு வீட்டில் இருக்கிறவரின் காவல். ஆமைப்பூட்டு வீட்டை விட்டுப் போகிறவரின் காவல்.

ஊர் மொத்தமாக வீட்டை விட்டுப் போகும் அனுபவத்தை 1942 ஏப்ரல் 9 கொண்டுவந்தது. ஜப்பானிய விமானங்கள் காலையில் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் குண்டுபோட்டுத் தாக்கின. ஒரு விமானம் எண்ணெய்க் குதத்தில் மோத, அது நாட்கணக்கில் எரிந்தது. கூலியாட்களும் குடும்பங்களும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் போனார்கள். அந்த முறை பலரால் திரும்பிவர முடிந்தது. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் கையளித்துவிட்டுப் போனது.

1983 யூலை வன்செயலுக்கு முன்பே, யூன் மாதத்தில் திருகோணமலையில் வீடுகள் எரிந்தன. யூலை இறுதி வாரத்தில் தளத்திலிருந்து வெளியே வந்த கடற்படையினர் மத்திய வீதி, டொக்யார்ட் வீதி, பிரதான வீதி, வடகரை வீதி என்று சென்று தமிழரின் கடைகளையும் வீடுகளையும் கொளுத்தினார்கள். திருஞானசம்பந்தர் வீதிச் சிவன் கோயிலும் தாக்கப்பட்டது. அன்று எத்தனை கதவுகள் பூட்டியிருந்தன என்பது எந்தப் பயனும் இல்லாத கேள்வி. நெருப்பு வைக்க வருகிறவனுக்குத் திறப்பு வேண்டியதில்லை.

அதன்பிறகு இந்த மாவட்டத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடாத சமூகம் இல்லை. 1985இலும் 1990இலும் தமிழ்க் கிராமங்கள் வெறுமையாகின. கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்கள் பலர். 1987 ஒக்டோபரில் நகரின் சிங்களக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. 2006 ஓகஸ்டில் மூதூரின் முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் கந்தளாய்க்கு நடந்தார்கள். போகும்போது திறப்பை அயலில் உள்ள வேற்றினக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. வாங்கி வைத்தவர்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டதும் உண்டு, தாங்களே குடியேறிக்கொண்டதும் உண்டு. இரண்டும் நடந்தன என்று சொல்வதே நேர்மை.

இந்தக் காலத்தில் பூட்டின் பொருளே தலைகீழானது. சுற்றிவளைப்பின்போது ஆட்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச்சொல்லிவிட்டுப் படையினர் வீடுகளைச் சோதிப்பார்கள். பூட்டியிருக்கும் கதவு சந்தேகத்துக்குரிய கதவு; உடைத்துத்தான் திறப்பார்கள். ஆகவே கதவையும் அலுமாரியையும் திறந்தபடியே விட்டுப் போகப் பலர் பழகினார்கள். இரவில் தட்டினால் திறந்தே ஆகவேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் பொலிஸில் இருக்கும். ஒரு மருமகன் வந்து தங்கினாலும் பதியவேண்டும். பெட்டகத்தின் இடத்தைக் கதவோரம் தொங்கிய ஒரு பை பிடித்துக்கொண்டது. அதற்குள் காணி உறுதி, அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், பங்கீட்டு அட்டை, இருக்கிற கொஞ்ச நகை. 2004 டிசெம்பர் 26 ஞாயிறு காலையில் கடல் எழுந்து கிண்ணியாவையும் மூதூரையும் நிலாவெளியையும் அடித்தபோது, அந்தப் பையை எடுக்க நேரம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் பிறகு கச்சேரி வரிசையில் வேறுவேறு துன்பம் பட்டார்கள். உறுதி போனவருக்குத் தன் வளவு தன்னுடையது என்று காட்டவே ஆண்டுகள் தேவைப்பட்டன.

சம்பூரின் கதை இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சு தொடங்கியபோது வெளியேறத் தொடங்கிய மக்கள், செப்டெம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தபிறகு திரும்பவே விடப்படவில்லை. 2007 மே மாதத்தில் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர்பாதுகாப்பு வலயம் என்று அரசிதழில் அறிவித்தார்கள். வீட்டுக்காரரிடமிருந்து வீட்டைக் காக்கும் பாதுகாப்பு அது. கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் தகரத்துக்கும் தறப்பாளுக்கும் கீழே ஒன்பது ஆண்டுகள். 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த பகுதி அதற்கு அடுத்த ஆண்டு. போனவர்கள் கண்டது பற்றைக் காடு. சுவர்கள் இல்லை, நிலைகள் இல்லை, பல வளவுகளில் கிணற்றை வைத்துத்தான் எல்லையை அடையாளம் காண முடிந்தது. திறப்பைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கும் அதைப் போட்டுத் திறக்க ஒரு கதவு இருக்கவில்லை.

போர் முடிந்த பிறகும் இரவுகள் உடனே அமைதியாகவில்லை. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் என்ற பயம் கிழக்கு முழுவதும் பரவியது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கிப்போகிற மர்ம மனிதர்கள் பெண்கள் இருக்கும் வீடுகளுக்குள் நுழைகிறார்கள் என்று ஊரூராகச் செய்தி. எண்ணெய் பூசி வருகிற கள்ளன் பழைய ஆள்தான். ஆனால் இந்த முறை, துரத்தினால் அவன் முகாம்களுக்குள் ஓடி மறைகிறான் என்று மக்கள் சொன்னார்கள். கிண்ணியாவில் கடற்படை முகாமை மக்கள் சூழ்ந்துகொண்டு மோதல் வெடித்தது, பலர் கைதானார்கள். ஆண்கள் தடியோடு சந்தியில் விழித்திருக்க, நாலைந்து வீட்டுப் பெண்கள் ஒரே வீட்டில் திறாங்கு போட்டுப் படுத்தார்கள். ஆபத்து என்று வந்ததும் ஊர் மறுபடி தன் பழைய முறைக்குத்தான் திரும்பியது. காவல்துறையை நம்பி ஒருவரும் தூங்கவில்லை.

இன்றைய வீடுகள் வேறு தோற்றம் கொண்டவை. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வீட்டுவேலைக்கு மத்திய கிழக்குக்குப் போன பெண்களின் உழைப்பு மதிலாகவும் இரும்புக் கேற்றாகவும் விறாந்தைக் கிறிலாகவும் எழுந்திருக்கிறது. தாய் வெளிநாட்டில், பிள்ளைகள் அம்மம்மாவோடு. அந்த வீட்டுக்குக் கிறில் வேண்டும் என்று அந்தத் தாய் நினைப்பதை யாரும் பழிக்க முடியாது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடு ஒன்றுக்குக் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாயில் சுவரும் கூரையும் எழுப்பிய பலருக்கு, வீட்டை முடிப்பதற்குக் கடன்பட வேண்டி வந்தது. பலருடைய நகை இன்று வீட்டிலேயே இல்லை, வங்கி அடகில் இருக்கிறது. பணத்தேவைக்காக மட்டுமல்ல, வீட்டில் வைத்திருக்கப் பயந்தும் அடகு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நகரத்தில் கேற்றைச் சாத்தி வைக்க இன்னொரு காரணமும் உண்டு: கோட்டைப் பக்கமிருந்து வீதிகளில் உலாவரும் புள்ளிமான்கள் பூச்செடியை மேய்ந்துவிட்டுப் போய்விடும்.

மதில் எழுந்த இடத்தில் சேர்ந்து வேலி அடைக்கும் நாள் போய்விட்டது. பக்கத்து வளவில் யார் நடமாடுகிறார்கள் என்பது இனிக் கண்ணுக்குத் தெரியாது. இழப்பு என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அதுதான் இழப்பு; கொழுக்கியும் படலையும் போனதற்காக யாரும் அழவேண்டியதில்லை.

துறைமுகத்தின் வரலாற்றுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளரின் இல்லம் 2013இல் கடல்சார் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. வீடுகளின் வரலாற்றுக்கு அப்படி ஒன்று இல்லை. தம்பலகாமத்திலோ மூதூரிலோ நிலாவெளியிலோ, அல்லது ரொறன்ரோவிலோ லண்டனிலோ, உங்கள் வீட்டில் பழைய பெட்டகமோ திறாங்கோ, எரிந்துபோன வீட்டின் திறப்போ இருந்தால் அதை ஒரு படம் எடுங்கள். எந்த வளவு, யாருடைய காலம், கடைசியாக எப்போது பூட்டினீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவையுங்கள். அந்தக் கதவுகளைச் சாத்தியும் திறந்தும் வாழ்ந்த தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.